மலைக் குளிரில் பனை வளர்ப்பு

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைக் கடந்து வடக்கே ஏறும் சாலையில் கியா பார்ம் என்னும் சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். ஒருபுறம் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள். மறுபுறம் சுங்கை பாலாஸ் பக்கமாகச் சரிந்து செல்லும் தேயிலை. முட்டைக்கோசும் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் செழிக்கும் இந்த மலையில், தமிழர் வீட்டு வாயிலில் நிற்க வேண்டிய மரம் ஒன்றை மட்டும் காண முடியாது. அது தென்னை.

கீழ்நாட்டுக்குச் சென்று திரும்புவோர் சிலர், பீடோரிலோ தாப்பாவிலோ உறவினர் வீட்டுக் கொல்லையில் முளைவிட்டுக் கிடக்கும் தேங்காய் ஒன்றை ஆசையோடு கொண்டுவந்து வீட்டெதிரே ஊன்றுவதுண்டு. கன்று சில மாதங்கள் நன்றாகவே இருக்கும். மண்ணில் பிடித்துக்கொண்டது என்று வீட்டார் மகிழ்வர். உண்மை அதுவன்று. தேங்காய்க்குள் இருக்கும் பருப்பே ஓராண்டு வரையில் அக்கன்றுக்குக் கட்டுச்சோறு. அது தீர்ந்து, மண்ணிலிருந்து உண்ண வேண்டிய வேளை வரும்போது வேர் குளிர்ந்து சோர்ந்திருக்கும். ஓலை வெளிறும். புதிய குருத்து முந்தியதைவிடக் குட்டையாக வரும். அடைமழை நாள் ஒன்றில் தொட்டுப் பார்த்தால் நடுக்குருத்து கையோடு வந்துவிடும். ‘நட்ட கை ராசியில்லாத கை’ என்று யாரேனும் ஒரு பாட்டி சொல்லிவிடுவார். நட்டவர் மனம் நோவார்.

கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. சிறு கணக்கு ஒன்று போட்டால் விளங்கும். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். கடற்கரையில் சராசரி வெப்பம் 27 டிகிரி என்று கொண்டால், 1,600 மீட்டர் உயரத்தில் அது 17 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். தென்னைக்கு உகந்ததோ 27 டிகிரியை ஒட்டிய வெப்பம். இருபதுக்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் அதன் வளர்ச்சி தேங்கிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளிலேயே 1,000 மீட்டருக்கு மேல் தென்னை காய்த்துப் பயன் தருவது அரிது. கமுகின் நிலையும் அதுவே. நம் பனைமரமோ வெயில் காய்ந்த சமவெளியின் பிள்ளை. அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் பனைக் குலத்தைச் சேர்ந்த மரம் எதுவும் இம்மலையில் வளராதா? வளரும். எது வளரும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் வழி தவறுகின்றனர்.

தாங்குதல் வேறு, வளர்தல் வேறு

மேல்நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் ‘குளிர் தாங்கும் பனைகள்’ என்றொரு பட்டியல் இருக்கும். உறைநிலைக்கு எத்தனை டிகிரி கீழே போனாலும் சாகாமல் இருக்கும் என்பதைக் கொண்டு அங்கே மரங்களுக்கு மதிப்பெண் இடுவர். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வளரும் ஊசிப் பனை அப்பட்டியலின் தலைமாணாக்கன். உறைநிலைக்கு 20 டிகிரி கீழே உள்ள குளிரிலும் உயிர் தப்பியிருக்கிறது. இதைப் படிப்பவர், கியா பார்முக்கு இதைவிட ஏற்ற பனை வேறில்லை என்றே எண்ணுவார். ஆனால் இங்கே நட்டால் அது சாகாது, வளரவும் வளராது.

காரணம் யாதெனில், ஊசிப் பனை பிறந்த மண்ணில் குளிர்காலம் கடுமையானாலும், அதன் பின்னே கொதிக்கும் கோடை வருகிறது. அந்தக் கோடையில்தான் அது தின்று வளர்கிறது. கேமரன் மலையிலோ கோடையும் இல்லை, குளிர்காலமும் இல்லை. பகலில் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. இரவில் 14, 15 டிகிரிக்கு இறங்கும். மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானதும் கேமரன் மலையில்தான்: 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், 7.8 டிகிரி. அதுவும் உறைநிலைக்கு வெகு மேலே. இம்மலையின் குளிர் கொல்லும் குளிரன்று, ஓயாத குளிர்.

மூன்று மாதம் பட்டினி கிடந்து ஒன்பது மாதம் விருந்துண்பவன் ஒருவன். ஆண்டு முழுவதும் அரைவயிற்று உணவோடு அன்றாடம் வேலைக்குப் போகிறவன் மற்றொருவன். இருவரும் பசி தாங்குபவர்களே. ஆயினும் ஒருவன் வாழ்க்கையை மற்றவனால் வாழ முடியாது. பேரீச்சை, கலிபோர்னியாவின் வாஷிங்டன் பனை, மத்தியதரைக் கடலோரத்துக் குட்டைப் பனை ஆகியவை முதல் வகை. அவற்றுக்கு வெயிலும் வறண்ட கோடையும் வேண்டும். பட்டியலில் உயர்ந்த இடத்தில் இருப்பதை நம்பி அவற்றை இம்மலைக்கு வரவழைப்பது வீண்செலவு.

இரண்டாம் வகையைத் தேட வேண்டுமானால் மேகம் தவழும் மலைகளுக்குச் செல்ல வேண்டும். தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், ஆண்டீஸ் மலைத்தொடரின் கிந்தியோ பகுதியில் 2,000 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் மெழுகுப் பனை வளர்கிறது. அம்போல்ட், போன்பிளான் என்னும் இரு அறிஞர்கள் 1801-இல் அம்மலையைக் கடந்தபோது அதைக் கண்டு வியந்து உலகுக்கு அறிவித்தனர். 60 மீட்டர் வரை உயரக்கூடிய அதுவே பனைகளில் நெடியது. 1985-இல் கொலம்பியா அதைத் தன் தேசிய மரமாக்கியது. நியூசிலாந்தின் நிக்காவுப் பனையும் இவ்வகையே. ஈரமும் மிதமான குளிரும் அதற்குப் பிறந்தகம். இவை கியா பார்மின் தட்பவெப்பத்துக்கு உறவுமுறை. ஆனால் மெழுகுப் பனை அடிமரம் விடுவதற்கே ஆண்டுகள் பல ஆகும். வீட்டு முற்றத்துக்கு வேறு ஒன்று வேண்டும்.

தேயிலையின் பழைய அண்டைவீட்டார்

இருவகைக் குளிரிலும் ஒருங்கே வாழவல்ல பனை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனைக் காற்றாலைப் பனை என்பர். தாவர நூலார் இட்ட பெயர் டிராக்கிகார்ப்பஸ் பார்ச்சூனி. இப்பெயரின் பின்பாதியில் ஒரு வரலாறு இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வாழ்வோர் அதை அறிந்துகொள்ளலாம்.

ராபர்ட் பார்ச்சூன் ஸ்காத்லாந்து நாட்டுத் தோட்டக்கலைஞர். 1848-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சீனத்துக்கு அனுப்பியது. சீனரின் தேயிலைச் செடிகளையும் விதைகளையும் தேயிலை பக்குவம் செய்யும் தொழிலாளர்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவருவதே அவருக்கு இட்ட பணி. இமயமலைச் சாரலின் தேயிலை வரலாற்றில் அவர் பெயர் நீங்காத இடம் பெற்றது அதனாலேயே. அதே பயணக் காலத்தில், 1849-இல், சூசான் தீவிலிருந்து இப்பனையின் கன்றுகளை இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவுக்கும் அனுப்பி வைத்தார். (சீபோல்ட் என்பவர் அதற்கும் முன்னரே, 1830-இல், ஜப்பானிலிருந்து இதன் விதைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தார், பெயர் என்னவோ பார்ச்சூனுக்குத்தான் வாய்த்தது!)

சீனத்து மலைச்சரிவுகளில் உழவர்கள் இப்பனையை அழகுக்காக வளர்க்கவில்லை. அடிமரத்தைப் போர்த்திருக்கும் பழுப்பு நாரை உரித்துக் கயிறு திரித்தனர், துடைப்பம் கட்டினர், மழையில் வேலை செய்ய மேலங்கி பின்னினர். மழையில் நனைந்துகொண்டே கொழுந்து பறித்த தலைமுறைகள் நம்மிடத்திலும் இருந்தன. அவர்கள் இம்மேலங்கியைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

மரம் ஒற்றைத் தண்டு உடையது. எட்டு, பத்து மீட்டர் வரை உயரும். நம் பனையைப் போலவே விசிறி ஓலை. ஆனால் மட்டை மெல்லியது, கருக்கு மிகச் சிறியது, கையைக் கிழிக்காது. இமயத்தின் குமாவூன் மலையிலும் மேகாலயத்தின் காசி மலையிலும் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. ஜப்பானிலிருந்து பரவிய வாக்னர் வகை என்னும் சிற்றோலை வடிவத்தைக் காற்று அதிகம் வீசும் முகடுகளில் நடலாம். விறைத்த சிறிய ஓலையாதலால் காற்றில் கிழியாது.

வீட்டின் நிழற்பக்கத்துக்கும் திண்ணைக்கும் வேறு இரண்டு. தென்சீனத்தைச் சேர்ந்த ராப்பிஸ் என்னும் மூங்கிற்பனை புதராகக் கிளைத்து ஆளுயரம் நிற்கும். மெக்சிகோ, குவாத்தமாலாக் காடுகளின் கமேடோரியா, தொட்டியிலேயே ஆயுளைக் கழிக்கும். வெயில் அதிகம் கேட்காது. இதன் பழச்சாறு சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும்.

இத்தனை தூரம் போவானேன், மலேசியக் காட்டிலேயே மலைப்பனை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழகத்துக் கூந்தற்பனையின் நெருங்கிய இனமான பெருங்கூந்தற்பனை தீபகற்ப மலேசியாவின் மலைக்காடுகளுக்கு உரியது. மீன்வாலைப் போன்ற இலைகள், கம்பீரமான தோற்றம். இரண்டு குறைகள் உண்டு. பூத்துக் காய்த்து முடிந்ததும் மரம் மடிந்துவிடும். பழத்தைத் தொட்டால் தாளாத அரிப்பு. சிறுவர் விளையாடும் முற்றத்துக்கு ஆகாது. பிரம்பும் பனைக் குலந்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முன்னாளில் கொழுந்துக் கூடை முடைந்த பிரம்பும், பள்ளிக்கூடத்தில் அனைவரும் அஞ்சிய பிரம்பும் தென்னையின் தாயாதிகளே. காட்டில் கன்று பிடுங்குவதற்கு மட்டும் வனத்துறையின் உரிமம் வேண்டும்.

குருத்தே உயிர்

வளர்ப்பு முறைக்கு வருமுன் பனையின் உடலமைப்பை அறிதல் நலம். தொல்காப்பியர் மரபியலில், வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் வகுத்தார். ஓலை, பாளை, ஈர்க்கு, குலை போன்ற உறுப்புப் பெயர்களையும் புல்லினத்துக்கே உரியவாக்கினார். அவ்வகையில் தென்னையும் பனையும் புல் ஆகிவிடுகின்றன. மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் இன்றைய தாவரவியலும் பனையை நெல், மூங்கில், கரும்பு ஆகியவை இருக்கும் ஒருவித்திலைப் பெரும்பிரிவில்தான் வைத்திருக்கிறது.

இப்பாகுபாடு வெறும் இலக்கணமன்று. மரத்தைக் காப்பதற்கு வழிகாட்டி. மாமரத்தில் பட்டைக்கு அடியில் வளர்படை ஒன்று உண்டு. அது ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்யும், காயத்தை மூடும். பனைக்கு அது கிடையாது. தண்டில் ஆணி அடித்தாலும் கத்தியால் கொத்தினாலும் அக்காயம் மரத்தின் ஆயுள்வரை ஆறாது. மாமரத்தின் கிளையை வெட்டினால் வேறு கிளைகள் துளிர்க்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கோ உச்சியில் ஒரே ஒரு முளை. அது போனால் எல்லாம் போயிற்று. குளிர்நாட்டார் பனிக்காலத்தில் சாக்கும் வைக்கோலும் கொண்டு பனையின் தலையைக் கட்டி வைப்பது அந்த ஒரு முளைக்காகவே. உறைபனி இல்லாத கேமரன் மலையில் அப்படிக் கட்டுவது பெருந்தவறு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில் கட்டிய தலைக்குள் ஈரம் தங்கி, அழுகலை நாமே விருந்துக்கு அழைத்ததாகிவிடும். இங்கே பகை குளிரன்று, தேங்கும் நீரே.

ஆகவே நடும்போது முதலில் பார்க்க வேண்டியது நீர் ஓடும் வழி. இம்மலையின் களிமண்ணில் ஆழக் குழி தோண்டி, நல்ல மண்ணையும் எருவையும் இட்டு நிரப்புவது பலரின் வழக்கம். அது மண்ணுக்குள் ஒரு வாளியைப் புதைத்தது போலாகும். சுற்றிலும் உள்ள களி நீரை வெளியே விடாது. குழியை வேரளவுக்கு மட்டும் எடுத்து, மண்ணை முழங்கால் உயரத்துக்கு மேடாக அணைத்து, அதன்மேல் நடுவதே நன்று. சரிவான இடமாயின் மேலிருந்து வரும் நீரைத் திருப்பிவிட மேற்புறம் ஒரு சிறு வாய்க்கால் போதும். குருத்தின் அடி மண்ணுக்குள் புதையக்கூடாது. தேயிலை விளையும் புளிப்பு மண்ணைக் காற்றாலைப் பனை பொறுத்துக்கொள்ளும். மிகப் புளிப்பாயின் சிறிது டோலமைட் சுண்ணாம்பு தூவலாம். இடம் திறந்த வெளியாக இருக்கட்டும். நிழல் தாங்கும் மரந்தான். ஆனால் பாதிநாள் மூடுபனி கவியும் ஊரில் கிடைக்கும் வெயிலையும் மறைத்துவிடலாகாது. பனை வேர் பருத்துச் சுவரைப் பிளக்காது; வீட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நட்டால் போதும்.

விதையிட்டு வளர்க்க விரும்புவோர் புதிய விதையையே தேட வேண்டும். உலர்ந்து நாளானவை முளைப்பது குறைவு. எண்ணெய்ப் பனையும் தென்னையும் பலருக்குச் சோறு போடும் இந்நாட்டில், வெளிநாட்டுப் பனை விதைக்குக் கட்டுப்பாடு உண்டு. உரிமம் இன்றி அஞ்சலில் தருவித்தல் கூடாது. விதையை இரண்டு நாள் நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கலவையில் விரற்கடை ஆழத்தில் ஊன்றலாம். முளைக்க மட்டும் சற்று வெதுவெதுப்பு வேண்டும். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரையின் ஓரமோ, அடுப்படியின் அலமாரியோ போதுமானது. ஒன்று முதல் மூன்று மாதத்தில் முளை தெரியும். முதலில் வருவது விசிறி ஓலையன்று, ஒற்றைப் புல்லிதழ். விசிறி விரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். களையெடுக்கும் பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது!

உரத்தைப் பற்றிச் சிறிது. அடைமழை பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் மண்ணிலிருந்து கரைத்துக்கொண்டு போய்விடும். முதிய ஓலையின் விளிம்பு மஞ்சளித்து நடு பசுமையாக இருந்தால் மக்னீசியம் குறைவு. செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்தால் பொட்டாசியம் குறைவு. அவ்வோலையைப் பார்க்கச் சகிக்காமல் உடனே அறுத்துவிடுவோர் உளர். அப்படிச் செய்யலாகாது. பொட்டாசியம் போதாத மரம் முதிய ஓலையிலிருந்துதான் அதை இழுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. அதை அறுத்தால் அடுத்த ஓலையும் மஞ்சளிக்கும். முற்றிலும் காய்ந்து தொங்குவதை மட்டும் அறுக்கலாம். கோழி எரு இம்மலையில் எளிதாகக் கிடைக்கிறது. மக்காத எருவை அடியில் கொட்டினால் வேர் கருகும், ஈயும் பெருகும். நன்கு மக்கியதையே, அடிமரத்தை விட்டுத் தள்ளி இட வேண்டும்.

குருத்தழுகலை வாரம் ஒருமுறை சோதிப்பது நன்று. விரியாத நடுக்குருத்தை இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் நின்றால் நலம். கையோடு வந்து, அடி பழுப்பாகி நாற்றமடித்தால் நோய் தொற்றிவிட்டது. அந்நிலையிலும் மரத்தைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அழுகியதை நீக்கி, குழியை ஒற்றி உலர்த்தி, நூற்றுக்கு ஒரு பங்கு போர்டோக் கலவையை அதனுள் சிறிது ஊற்றி, மேலே மழை விழாதபடி மறைப்பு ஒன்று கட்டலாம். தேயிலையின் கொப்புள நோய்க்குத் தாமிர மருந்து தெளித்துப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. முளை முற்றும் சாகாதிருந்தால் சில மாதங்களில், கோணலாகவேனும், புதிய ஓலை தலைகாட்டும். பொறுத்திருப்பதுதான் கடினம்.

விசிறியோலைக் குருத்தில் நம்மூர்ப் பனங்குருத்தைப் போலவே தோரணம் பின்னலாம். திருமணப் பந்தலுக்குக் கீழ்நாட்டிலிருந்து ஓலை ஏற்றிவரும் ஊரில் அந்த ஆசை இயல்பே. ஆனால் குளிரில் ஒரு குருத்து, மரத்தின் பல வார உழைப்பு. ஒரு மரத்தில் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் எடுப்பது தகாது. அதையும் உச்சி முளையைத் தொடாமல் எடுக்க வேண்டும்.

பத்தாண்டு வளர வேண்டிய மரத்தைத் தோட்டத்து வீட்டின் முன்னே நடத் தயங்குவோர் பலர். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. பல தோட்டங்களில் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டுச் செல்ல வேண்டும். நட்டவர் ஒருவர், நிழலில் அமர்பவர் வேறொருவர் என்றாகிவிடுகிறது. இதற்கும் இப்பனையிடம் விடை உண்டு. அடியில் நாலைந்து துளையிட்ட எண்ணெய்ப் பீப்பாயில், கீழே ஒரு சாண் சரளைக்கல் பரப்பி வளர்த்தால் பல ஆண்டுகள் அதிலேயே நிற்கும். ஓய்வு பெறும் நாளில் லாரியில் பாத்திரம் பண்டங்களோடு அதையும் ஏற்றிக்கொள்ளலாம். மண்ணில் நட்ட மரத்தையும், வேர்க்கட்டு உடையாமல் அகலத் தோண்டி எடுத்து, சில ஓலைகளைக் குறைத்து வேறிடத்தில் வைத்தால் பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் சித்தியவானுக்கோ தெலுக் இந்தானுக்கோ குடிபெயர்பவர் இதைக் கொண்டு செல்வதில் பயனில்லை. மலையில் தென்னை பட்ட பாட்டைச் சமவெளி வெக்கையில் இது படும். அக்குடும்பத்தார் அதை மலையிலேயே உள்ள உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதே மரத்துக்கு நல்லது.

நம் பனையைப் போலவே இதிலும் ஆண் வேறு, பெண் வேறு. பூப்பதற்கு முன் எது எதுவெனக் காண வழியில்லை. ஆதலால் விதை வேண்டுவோர் அக்கம்பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து மூன்று நான்கு கன்றுகளேனும் நட வேண்டும். மஞ்சள் நிறப் பாளைகள் தினைக்கதிர் போலத் தொங்கும். பெண்மரத்தில் நீலக் கருமை படர்ந்த, மொச்சைக் கொட்டையின் வடிவுடைய சிறு பழங்கள் கொத்தாகப் பழுக்கும். உண்ண ஏற்றவையல்ல. தாமே உதிர்ந்தவை தாய்மரத்தின் அடியிலேயே முளைப்பதுண்டு. ஓரிதழ் புல்லாக அவை நிற்கும் நாளில், அந்த இடத்தில் மண்வெட்டி படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.